மேட்டுப்பாத்தியும் அதன் வாய்க்காலும்

வீட்டுத் தோட்டம் என்றதும் நம்மில் பலர்க்கு நினைவுக்கு வருவன கொல்லைப்புறத்து வாழையும், முருங்கையும், பாத்திரம் கழுவும் இடத்தில் தானே முளைத்த தக்காளிச் செடியுந்தாம். ஒழுங்காகப் பாத்தி கட்டிக் காய்கறி பயிரிடுவோர் நம் வட்டாரத்தில் மிகச் சிலரே. காரணம் கேட்டால், "மழைக்காலத்தில் வேர் அழுகுகிறது, கோடையில் செடி கருகுகிறது, நம் ஊருக்குத் தோட்டம் ஒத்துவராது" என்பார்கள். அவர்கள் சொல்லும் குறைகள் இரண்டும் மெய்யே. ஆயினும் முடிவு மெய்யன்று. மழைக்கு ஏற்ற பாத்தி ஒன்று, கோடைக்கு ஏற்ற பாத்தி வேறொன்று என்பதை அறிந்துகொண்டால் தாம்பரத்திலும், அதைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதிகளிலும் ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு காய் பறிக்கலாம். அவற்றுள் மழைக்கு ஏற்றதான மேட்டுப்பாத்தியைப் பற்றி இங்கே விரிவாக ஆராய்வோம்.

மேட்டுப்பாத்தி என்பது தரைமட்டத்திற்கு மேல் முக்கால் அடி முதல் ஓரடி வரை மண்ணை உயர்த்தி, அதன் இருபுறமும் வாய்க்கால் விட்டு அமைக்கப்படும் பாத்தியாகும். இதில் மேடு ஒரு பாதி, வாய்க்கால் மறு பாதி. படங்களில் பார்த்துவிட்டுப் பாத்தி கட்டுவோர் மேட்டை மட்டும் கட்டி வாய்க்காலை மறந்துவிடுகிறார்கள். நம் கருத்தில், நம் ஊரைப் பொறுத்தவரை வாய்க்காலே முக்கியம். மேடு அந்த வாய்க்காலை வெட்டியதால் நமக்குக் கிடைக்கும் பரிசு என்றே கொள்ளலாம்.

வேர் மூச்சு விடுகிறது

இலை மூச்சு விடுவதை ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். வேரும் மூச்சு விடுகிறது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் உள்ளன. நல்ல மண்ணில் அத்துளைகளில் பாதியளவு நீரும் பாதியளவு காற்றும் இருக்கும். வேர் அக்காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, அதனால் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு நீரையும் உப்புகளையும் மேலே அனுப்புகிறது. மூன்று நாள் விடாமல் மழை பெய்து துளைகள் யாவும் நீரால் நிரம்பிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. ஆகவே வேர் மூச்சுத் திணறுகிறது.

இதனால் ஒரு விந்தை நிகழ்கிறது. கத்தரிச் செடியைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். இலைகளோ தண்ணீர் இல்லாத செடியைப் போலத் தொங்கும். இதைக் கண்டு மேலும் தண்ணீர் ஊற்றுவோர் உண்டு! வேர் செயலற்றதால் நீர் ஏறவில்லை என்பதே காரணம். மிளகாய், தக்காளி, கத்தரி ஆகிய மூன்றும் இவ்வகையில் மிகவும் மென்மையானவை. இரண்டு நாள் நீர் தேங்கினாலே வேர் பழுதாகும். பின்பு அழுகல் காளான்கள் அவ்வேரைப் பற்றிக்கொள்ளும். மேட்டுப்பாத்தியில் மழைநீர் மண்ணின் வழியே இறங்கி, பக்கவாட்டில் கசிந்து, தாழ்ந்த வாய்க்காலை அடைகிறது. வேர் இருக்கும் மேல் முக்கால் அடியில் காற்று மீண்டும் புகுகிறது.

நம் ஊர் மண் ஒன்றல்ல

சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேற்பட்டது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றால், சில நாட்களிலேயே கொட்டிவிடுகிறது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் காலை தொடங்கி மறுநாள் காலை வரையுள்ள 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அரை கிரவுண்டு மனை, அதாவது 1,200 சதுர அடி, அன்று பெற்ற நீரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 54,000 லிட்டருக்கும் மேல் வருகிறது. 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியானால் நான்கரை லாரி! முடிச்சூர், வரதராஜபுரம் பகுதி வீடுகளில் அந்நாட்களில் நீர் புகுந்ததை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அவ்விடங்களில் வெள்ளம் வந்தது.

இந்நீர் எங்கே செல்கிறது என்று அறிவது தோட்டம் போடுவோர்க்கு முதற் பாடம். மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம், மண்ணிவாக்கம் பக்கத்து நீர் அடையாற்றை நாடுகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாடுகிறது. (2022-ஆம் ஆண்டில் இச்சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.) ஏரியை ஒட்டியும் ஆற்றை ஒட்டியும் அமைந்த மனைகளில் கனத்த களிமண்ணோ வண்டலோ இருக்கும். பச்சைமலை அடிவாரத்திலும், பல்லாவரம், பரங்கிமலை ஓரத்திலும் செம்மண்ணும் சரளையுமாக இருக்கும். ஓரடி தோண்டினால் கடப்பாரை 'ணங்'கென்று பாறையில் மோதும். பரங்கிமலையை நாம் புனித தோமையார் மலையாக அறிவோம். நிலவியல் மாணவர்க்கோ அது சார்னகைட் என்னும் பாறைக்குப் பேர்போன இடம். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக் கல் இப்பாறையாலானது. அதனால் ஹாலந்து என்னும் நிலவியலறிஞர் பாறைக்கு அப்பெயரை இட்டார்.

களிமண் மனையில் மேட்டுப்பாத்தி நீரை வடிப்பதற்காக வேண்டும். சரளை மனையிலோ நீர் தானே வடிந்துவிடும். அங்கே வேருக்கு ஆழம் போதாது, அதற்காகவே மேடு வேண்டும். ஆக, பாத்தி ஒன்றாயினும் காரணம் இரண்டு. நம் வீட்டு மண் எத்தகையது என்பதை எளிதில் அறியலாம். ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் இட்டு நன்கு குலுக்கி வைத்துவிட வேண்டும். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும். களி மறுநாள் வரை நீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். மறுநாள் அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் விகிதம் தெரிந்துவிடும். மற்றொரு சோதனை: ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பிப் பார்க்க வேண்டும். நாலைந்து மணி நேரத்திற்குப் பிறகும் நீர் நின்றால் அவ்விடத்தில் மேட்டுப்பாத்தியின்றிக் கத்தரி, மிளகாய் வைப்பது வீண்.

இது புதிதன்று

மேட்டுப்பாத்தியை இக்காலத்தில் சிலர் மேல்நாட்டு வழக்கம் என்று எண்ணுகிறார்கள். தஞ்சைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே ஆழமான வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை இருபுறமும் அணைத்து உயரமான பாத்திகள் அமைத்து, அகத்தியை வளர்த்து, அதன்மேல் வெற்றிலைக் கொடியை ஏற்றுவார்கள். வெற்றிலைக்கு எப்போதும் ஈரம் வேண்டும். ஆனால் வேரில் நீர் தேங்கலாகாது. இந்த முரண்பட்ட இரண்டு தேவைகளையும் ஒரு வாய்க்கால் தீர்த்து வைக்கிறது.

மெக்சிகோ நாட்டில், தலைநகருக்கு அருகிலுள்ள சோச்சிமில்கோவில், ஆழமில்லாத ஏரியின் சேற்றை வாரி நீள நீளமான மேடுகளாகக் குவித்து, இடையிடையே கால்வாய் விட்டு மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிட்டனர். சினாம்பா எனப்படும் இத்தோட்டங்கள் ஸ்பானியர் அங்கே வருவதற்கு முன்பே இருந்தவை; இன்றும் ஒரு பகுதி எஞ்சியிருக்கிறது. ஆண்டுதோறும் கால்வாய்ச் சேற்றை அள்ளி மேட்டின்மேல் பூசுவார்கள். அதுவே எரு.

ஐரோப்பாவில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாலஃபிரிட் ஸ்ட்ராபோ என்னும் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, கான்ஸ்டன்ஸ் ஏரியிலுள்ள ரைக்கெனாவு தீவின் மடத்துத் தலைவராக இருந்தார். தம் தோட்டத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு கவிதை நூல் இயற்றினார். மண் கரைந்து போகாதிருக்கப் பலகைகளை அணையாக வைத்துப் பாத்தியைத் தரைக்குச் சற்று மேலாக உயர்த்திய செய்தி அதில் வருகிறது. மடத்துத் தலைவர் தம் கையாலேயே காஞ்சொறிச் செடிகளைக் களைந்து பாத்தி கட்டினார் என்பது நம் கன்னியர் மடத்துத் தோட்டத்தைப் பார்க்கும் நமக்கு வியப்பாக இராது. நீரைப் பற்றி அவ்வளவு கருத்தாயிருந்த அவர் 849-ஆம் ஆண்டில் லுவார் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார்.

ஆனால் அவருடைய பலகையை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம். தாம்பரத்துக் கரையானுக்கு அது ஒரு பருவத்துச் சாப்பாடு.

பாத்தி கட்டும் முறை

பாத்தியின் அகலம் நம் கையின் நீளத்தைப் பொறுத்தது. ஒரு பக்கம் அமர்ந்து கை நீட்டினால் பாத்தியின் நடுவைத் தொட வேண்டும். மாணவியர்க்கு மூன்றரை அடி அகலம் சரியாக இருக்கும். நீளம் இடத்திற்கு ஏற்றபடி. இங்கே பத்து அடி என்று கொள்வோம். இருபுறமும் ஒன்றரை அடி அகலமுள்ள வாய்க்கால். இதுவே நடைபாதையும் ஆகும். பாத்தியின்மேல் ஒருபோதும் காலை வைக்கலாகாது. மிதித்த மண்ணில் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பிறகு இத்தனை பாடும் எதற்கு?

இனிக் கணக்கு. இரண்டு வாய்க்கால்களையும் அரை அடி ஆழத்திற்கு வெட்டினால் கிடைக்கும் மண்: 2 × 10 × 1½ × ½ = 15 கன அடி. இதைப் பாத்தியின் 35 சதுர அடிப் பரப்பில் பரப்பினால் மண் ஏறத்தாழ 5 அங்குலம் உயரும். வாய்க்காலோ 6 அங்குலம் தாழ்ந்துவிட்டது. ஆகவே வாய்க்காலின் அடியிலிருந்து பார்த்தால் பாத்தி 11 அங்குல உயரம்! வெளியிலிருந்து ஒரு கூடை மண்ணும் வாங்கவில்லை. எருவும் இலைச் சருகும் கலந்தால் மேலும் இரண்டு மூன்று அங்குலம் சேரும். பாத்திகள் இரண்டு மூன்று அடுத்தடுத்து இருந்து நடு வாய்க்கால் பொதுவானால் உயரம் ஒன்பது பத்து அங்குலமாகக் குறையும். அதுவும் போதும்.

வாய்க்காலின் கொள்ளளவையும் பார்ப்போம். 15 கன அடி என்பது ஏறத்தாழ 425 லிட்டர். பாத்தியும் வாய்க்கால்களும் சேர்ந்த பரப்பு 65 சதுர அடி. 7 செண்டிமீட்டர் மழை பெய்தால் இப்பரப்பில் விழும் நீர் ஏறத்தாழ அதே 425 லிட்டர்தான். அதாவது நம் ஊரின் நல்ல கனமழை ஒன்றை இவ்வாய்க்கால் தானே வாங்கி வைத்துக்கொண்டு, தரைக்குள் மெல்ல இறக்கிவிடும். தெருவுக்கு ஒரு சொட்டும் அனுப்ப வேண்டுவதில்லை. 49 செண்டிமீட்டரை எந்த வாய்க்காலும் தாங்காது. அன்றைக்கு ஏரிகளே தாங்கவில்லை.

வேலை செய்யும் முறை எளிது. ஈரக் களிமண்ணை வெட்டினால் கட்டியாகக் காய்ந்து கல்லாகிவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டித் தட்டினால் உதிர வேண்டும், அதுவே பதம். ஆனி மாதக் கடைசியில், ஒரு கோடை மழைக்குப் பின், இப்பதம் அமையும். முதலில் பாத்தி அமையப்போகும் இடத்தை மண்வெட்டியால் ஓரடி ஆழத்திற்குக் கொத்திப் பொலபொலப்பாக்க வேண்டும். இதைச் செய்யாமல் கெட்டித்தரையின் மேல் மண்ணைக் குவித்தால் கீழே தட்டுப்போல நீர் நிற்கும். பின்பு வாய்க்கால் மண்ணை ஏற்றி, அதனுடன் நன்கு மக்கிய சாண எருவைப் பத்துக் கூடையும், வேப்பம் புண்ணாக்கு ஒன்றிரண்டு கிலோவும் கலக்கலாம். களிமண்ணாயின் மக்கிய இலைகளையும் தென்னை நார்க் கழிவையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். களிமண்ணில் மணலை மட்டும் கொட்டிச் சரிசெய்ய முயல்வது பயன் தராது. கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் இறுகிவிடுகிறது. சமதரையாயின் பத்து அடிக்கு ஓரங்குலம் வீதம் வாய்க்காலுக்குச் சரிவு கொடுக்க வேண்டும். மலையடிவார மனையாயின் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே அமைக்க வேண்டும். நீளவாட்டில் அமைத்தால் எருவெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்ச் சேரும்.

ஓரத்தை அணைக்க உடைந்த செங்கல், நாட்டு ஓடு, கருங்கல் எதுவும் ஆகும். சிமெண்டு பூசிச் சுவராகக் கட்டினால் அடியில் நீர்க்கசிவுத் துளைகள் விட வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை உடைத்து நடுவது கூடாது; அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. நம்மைக் கேட்டால், அணையே இல்லாமல் ஓரத்தைச் சரிவாக விட்டு அதில் புதினாவோ பொன்னாங்கண்ணியோ வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. செலவில்லை; மண்ணையும் பிடித்துக்கொள்ளும்; துவையலும் ஆகும்.

லாரி மண் வேண்டுமா?

இங்கே சற்று நின்று பேசவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோட்டம் போடுவதென்றால் ஒரு லாரி செம்மண் அடித்துவிடுவது நம் பகுதியில் வழக்கமாகிவிட்டது. வெள்ளம் வந்த பிறகு சிலர் தோட்டத்தை மட்டுமன்றி மனை முழுவதையுமே இரண்டடி உயர்த்தி, மேலே சிமெண்டுத் தளமும் போட்டுவிடுகிறார்கள். அரை கிரவுண்டு மனையை இரண்டடி உயர்த்தினால் 2,400 கன அடி மண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவ்விடத்தில் முன்பு ஏறத்தாழ 68,000 லிட்டர் வெள்ளநீர் நிற்க இடம் இருந்தது. அந்நீர் இனி எங்கே போகும்? தெருவுக்குப் போகும். தெருவும் ஆண்டுக்காண்டு தார் மேல் தாராக உயர்ந்து வருவதால், அங்கிருந்து தாழ்ந்த வீட்டுக்குள் போகும். தாழ்ந்த வீடு பெரும்பாலும் பழைய வீடாக இருக்கும். பழைய வீட்டில் பெரும்பாலும் முதியோர் இருப்பார்கள், அல்லது வீட்டை உயர்த்திக் கட்டப் பணமில்லாதோர் இருப்பார்கள். பிறரன்பைப் பற்றி நல்லொழுக்க வகுப்பில் எழுதிப் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கும் நாம், இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

மேட்டுப்பாத்தியின் அழகு இங்கேதான் இருக்கிறது. வாய்க்காலில் வெட்டிய மண்ணும் பாத்தியில் ஏற்றிய மண்ணும் சமம். மனைக்குள் நீர் நிற்கும் இடம் ஒரு லிட்டர்கூடக் குறையவில்லை; இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. செடிக்கு மேடு கிடைத்தது, நீருக்குப் பள்ளம் கிடைத்தது, அடுத்த வீட்டுக்குத் தொல்லையில்லை.

வாங்கும் மண்ணில் வேறு அச்சமும் உண்டு. அது எங்கிருந்து தோண்டப்பட்டது என்று லாரிக்காரர் சொல்வதை நம்பித்தான் வாங்க வேண்டும். கட்டடக் கழிவு, கண்ணாடித் துண்டு, கோரைக் கிழங்கு எல்லாம் அதில் வரும். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது என்பது நமக்குத் தெரியும். பல்லாவரம் பகுதியில் தோல் பதனிடும் தொழில் நடந்த இடங்களின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். அத்தகைய இடத்து மண்ணில் கீரை பயிரிடுவது அறிவுடைமையன்று. முற்காலத்தில் கோடையில் ஏரி வற்றியதும் உழவர் வண்டி வண்டியாக வண்டல் அடித்து வயலில் பரப்பினர். அதனால் வயலும் வளம் பெற்றது, ஏரியும் ஆழமாயிற்று. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு உழவர்கள் ஏரி வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள வழி செய்தது. வீட்டுத் தோட்டத்திற்கு அதுவும் வேண்டுவதில்லை. நம் வீட்டு வாய்க்கால் மண்ணே போதும்.

எப்போது எதை நடுவது

ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொன்ன பழமொழி நம் ஊருக்கும் பொருந்தும். ஆடியில் கத்தரி, மிளகாய் விதைகளை ஒரு மூலையில் நாற்றுவிட்டு, ஆவணியில் பாத்திக்கு மாற்றினால், ஐப்பசி அடைமழை வருவதற்குள் செடி வேரூன்றிக் காய்க்கத் தொடங்கிவிடும். மூன்றரை அடி அகலப் பாத்தியில் கத்தரியை இரண்டு வரிசையாக, செடிக்குச் செடி இரண்டடி விட்டு நடலாம். மிளகாய்க்கு ஒன்றரை அடி போதும். வெண்டையை நேரே விதைக்க வேண்டும். அதற்கு நாற்று ஒத்துவராது. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் நோய் நம் பக்கத்தில் அதிகம். அதைத் தாங்குவதற்கென்று பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அர்க்கா அனாமிகா என்ற வகையை வெளியிட்டது. கீரையில் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 அரைக்கீரை வெட்ட வெட்டத் தழைப்பது. காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரைக் கேட்டால் நம் மாவட்டத்திற்கு ஏற்ற வகைகளைச் சொல்வார்கள்.

தக்காளியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கார்த்திகை மழையில் மேட்டுப்பாத்தி தக்காளியின் வேரைக் காக்கும். இலையையும் பூவையும் காக்காது. 2021 நவம்பர் மழையில் சென்னையில் தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, வீட்டுத் தோட்டத்திலும் அது அருமையாகவே இருந்தது. குச்சி ஊன்றிக் கட்டி, தரையைத் தொடும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டால் ஓரளவு தப்பும். அதைவிடத் தக்காளியைத் தைக்கு விட்டுவைத்து, கார்த்திகைக் குழம்புக்குக் கத்தரியையும் அவரையையும் நம்புவது மேல். கீரை விதையும் அடைமழையில் அடித்துக்கொண்டு போகும். நான்கு நாள் வெறிச்சோடும் இடைவெளி பார்த்துத் தூவி, தென்னங்கீற்றால் மூடி, முளைத்ததும் எடுத்துவிட வேண்டும்.

அவரை, புடல், பீர்க்கு ஆகியவற்றிற்கான பந்தலைப் பாத்தியின் வடபுறத்தில் போட வேண்டும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென்புறத்தில் பந்தல் இருந்தால் பாத்தி முழுதும் நிழலாகும். இதைப் பூகோள ஆசிரியையிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம்.

வாய்க்காலின் கடைக்கோடியில் வாழையும் சேப்பங்கிழங்கும் வைத்தால் வடிந்து வரும் எருநீர் வீணாகாது. எருநீரை நேரே கிணற்றுக்குள்ளோ ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளோ விடுதல் தகாது. 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்டுள்ள மழைநீர் சேகரிப்புக் குழிக்குக் கூரைநீரை அனுப்புவோம். தோட்டத்து நீரைத் தோட்டமே குடிக்கட்டும். மழை விட்டு மூன்று நாளாகியும் வாய்க்காலில் நீர் நின்றால் மட்டும் மண்ணைக் கிளறி வடியவிட வேண்டும். கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். அதற்குள் நீர் வற்றிவிட்டால் அச்சமில்லை. மழைக்கால இரவுகளில் பெரிய நத்தைகள் பாத்திமேல் ஏறி இளஞ்செடியை மேய்ந்துவிடும். மருந்தைத் தேடுவதைவிட விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி உப்புநீரில் போடுவதே நல்லது. கையுறையோ காகிதமோ கொண்டு எடுக்க வேண்டும்.

கோடையில் வாய்க்கால் பாத்தியாகும்

மேட்டுப்பாத்தியைப் புகழ்வோர் பலர் இதைச் சொல்வதில்லை: மாசி பிறந்த பின் மேடு நமக்குப் பகை. நான்கு பக்கமும் காற்றும் வெயிலும் படுவதால் சமதரையைவிட விரைவில் காய்ந்துவிடும். மழையால் மிதந்த இதே சென்னை, நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில் ஏரிகள் நான்கும் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்தது. அத்தகைய கோடையில் மேட்டின்மேல் வாளி வாளியாக ஊற்றுவது பொறுப்பான செயலன்று.

ஆகவே தையில் கடைசி முள்ளங்கியைப் பறித்ததும் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வாய்க்காலின் அடியைக் கொத்தி எருவிட்டு அதற்குள் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகியவற்றை விதைக்கலாம். அரிசி கழுவிய நீரும் காய்கறி கழுவிய நீரும் பள்ளத்திலேயே நின்று வேரைச் சேரும். இருபுற மேடும் அனற்காற்றைத் தடுக்கும். பொங்கலுக்கு வாங்கிய கரும்பின் தோகை, வேப்பஞ்சருகு, தென்னை மட்டை இவற்றை மூடாக்காகப் பரப்பினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் நீர் ஊற்றினால் போதும். மேடு சும்மா இருக்க வேண்டியதில்லை. அதன்மேல் தோட்டத்துக் குப்பையையும் சாணத்தையும் அடுக்கி, ஓலையால் மூடி வைத்தால் ஆடிக்குள் மக்கிவிடும். மண்புழுக்களும் அங்கே வந்து சேரும். கோடையில் வாய்க்காலை நிரப்பியிருந்த பயிரைப் பிடுங்கிய பின், அதில் படிந்த மண்ணையும் சருகையும் ஆனி முடிவதற்குள் அள்ளிப் பாத்தியின்மேல் ஏற்றிவிட்டு, வாய்க்காலை மறுபடி அரை அடி ஆழத்திற்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஆடியில் நாற்று விட இடம் தயாராக இருக்கும்.